சாத்தூருக்குப் போன ஸ்வெட்டர்கள்

விரல் வலிக்குன்னு கையைத்தாங்க சூடு மெழுகுல முக்கி, கவரைச் சுத்தி, துண்டைப் போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. வாயைக் கட்டலையே. உக்காருங்க, உக்காருங்க. முட்டிக்கா? ஒத்தடப் பை வச்சிருக்காங்களா? அப்போ நீங்களும் இப்போதைக்கு எந்திரிக்க முடியாது. நல்லதாப் போச்சு. தனியா உக்காந்து சுவத்துல இருக்கிற எலும்புக்கூடு படத்தையே பாத்துக்கிட்டிருந்தா, இருக்கிற வியாதி போதாதுன்னு இன்னும் நாலு வியாதி இருக்கிற மாதிரித் தோணுது.

என் பேரு சௌந்தரம். வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரில கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். கூட வந்தாளே, அது என் மருமக சுகந்தி. மருந்து வாங்கக் கவுண்டருக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். ஒருத்தரை முன்னால வச்சுக்கிட்டு அவங்களைப் பத்திப் பேசினா மரியாதையா இருக்காது பாருங்க.

ரொம்ப நல்லவங்க என் மருமக. குன்னூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என் ஆயுசு பூரா நான் கையால பின்னின ஸ்வெட்டரை எல்லாம் ஒரே குண்டான்ல போட்டு, அடுப்புல வச்சு வேகவச்சு, கத்திரியால நறுக்கிப் போர்வை தச்சுட்டா. அவ்வளவு நல்லவ.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

எனக்குப் பொறந்த ஊரு சாத்தூருங்க. ஆமா, வெள்ளரிக்கா ஊரு. அங்கேயிருந்து கல்யாணமாகி நேரா இந்த மலைக்கு வந்தேன். வந்த முதல் மார்கழில பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சது, தைக்குத்தான் நின்னுச்சு. அப்போ ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு டீச்சரம்மா பின்னல் ஊசியும் கம்பளி நூலும் குடுத்துச் சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு எடுத்த ஊசியை நான் கீழ வைக்கலைங்க. அடுப்புல பால் பொங்குற நேரத்துக்குள்ள ரெண்டு வரிசை போட்டுடுவேன். எங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டே இருப்பாரு, நான் பின்னல் கண்ணி எண்ணிக்கிட்டே இருப்பேன். அதனாலதான் எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லை.

போட்டதை எல்லாம் என்ன செஞ்சேன்னு கேக்கறீங்களா? நமக்கா இல்ல ஜனம்? சாத்தூர்ல தம்பி குடும்பம். கோவில்பட்டில நாத்தனார். தூத்துக்குடில சித்தப்பா மகன், உப்பளத்துல மேஸ்திரி. எந்த வீட்டுல விசேஷம்னாலும் என் கையால போட்ட ஸ்வெட்டர்தான் போகும். வளைகாப்பா, ஸ்வெட்டர். காதுகுத்தா, ஸ்வெட்டர். மத்தவங்க மாதிரிக் கடையில ஒரு எவர்சில்வர் தட்டை வாங்கிப் பேரை வெட்டி நீட்டிட்டுச் சாப்பிட்டுட்டு வர்ற ஆளு நான் இல்ல.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? சாத்தூர்ல குளிராதுன்னா? யாரு சொன்னது உங்களுக்கு? மார்கழில விடியக்காலம் வாசல் தெளிக்க வெளிய வந்து பாருங்க, தெரியும். உப்பளத்துல மட்டும் என்ன? கடல் காத்து நெஞ்சுல அடிச்சா சளி பிடிக்காதா? தம்பி மக கல்யாணம் சித்திரைல நடந்துச்சு. மாப்பிள்ளைக்குக் கழுத்து மூடுற மாதிரி, மெரூன் கலர்ல, நெஞ்சுல சங்கிலிப் பின்னல் போட்டுக் கொண்டுபோனேன். போட்டுக் காட்டுங்க மாப்பிள்ளைன்னேன். பட்டு வேட்டி மேல போட்டுக்கிட்டு நின்னாரு பாருங்க, ராஜா மாதிரி. போட்டோ எடுக்கிற வரைக்கும் கழட்டவே இல்லை. மூஞ்சியெல்லாம் தண்ணியா ஊத்துச்சு. பெரியம்மா பாசத்துல மனுஷன் அழுதுட்டாருன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவரு இருமினாரு.

இன்னொரு பழக்கம் எனக்கு. ஸ்வெட்டரை மடிச்சுக் கவர்ல வைக்கிறதுக்கு முன்னாடி, மடிப்பு கலையாம இருக்க, சிவப்பு நூலால ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்து ஒரு தையல் போட்டுடுவேன். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி அழகா இருக்கும். போட்டுக்கிறவங்க அந்த நூலை அறுத்துட்டுப் போட்டுக்கணும்.

சரி. விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் மழைக்காலத்துல விரல் மடங்க மாட்டேன்னுச்சு. காலையில டம்ளரைப் பிடிச்சா டம்ளர் ஒரு பக்கம், காப்பி ஒரு பக்கம். டாக்டர் படமெடுத்துப் பாத்துட்டு, அம்மா, இனிமே ஊசியைத் தொடக்கூடாதுன்னாரு. எவ்வளவு நாளைக்கு டாக்டர்னு கேட்டேன். அவரு என் மருமக மூஞ்சியைப் பாத்தாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்து ஊசியெல்லாம் பிஸ்கட் டப்பால போட்டு மூடினேன். பாதியில ஒரு ஸ்வெட்டர் இருந்துச்சு, முதுகு மட்டும் முடிஞ்சது. அதையும் சேத்து உள்ள வச்சேன். அன்னைக்குச் சாப்பிடலைங்க நான். வாயில வைக்கப் பிடிக்கலை. என் கையே என்னை விட்டுட்டுப் போயிட்ட மாதிரி இருந்துச்சு.

அப்போ நம்ம மருமக வந்து பக்கத்துல உக்காந்து, தைலத்தைத் தேச்சுவிட்டு, கண்ணு கலங்குறா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

அவ கரூர்க்காரிங்க. அங்கே தெருவுக்குத் தெரு போர்வை தைக்கிற கம்பெனி. அவங்கப்பா தறி வச்சிருந்தவரு. நமக்கெல்லாம் ஒரு துணியைப் பாத்தா கட்டலாமா, போடலாமான்னு தோணும். அவங்களுக்கு வெட்டலாமான்னுதான் தோணும்.

என்ன பண்ணினா தெரியுமா? குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு எங்களுக்கு. அதுல எழுதியிருக்கா. அத்தை போட்டுக் குடுத்த ஸ்வெட்டர் யார்கிட்டயாவது சும்மா இருந்தா அனுப்பி வைங்க, ஒரு காரியத்துக்கு வேணும்னு. அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை வச்சுக் கால்ல விழுந்து கூப்பிட்டாலும் மலை ஏறி வராத ஜனம், போட்டி போட்டுக்கிட்டு அனுப்புது. தூத்துக்குடில இருந்து ஒரு சாக்குமூட்டையே வந்துச்சு. கோவில்பட்டி நாத்தனார் தன்னோடதை மட்டும் இல்ல, எதுத்த வீட்டுக்காரிக்குக் குடுத்திருந்ததையும் திருப்பி வாங்கி அனுப்பியிருக்காங்க. தம்பி, அடுத்த பஸ்ஸுக்கே ஆளு மூலமாக் குடுத்தனுப்பிட்டான். தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? அக்காவுக்குக் கை முடியலைன்னதும் ஒவ்வொருத்தரும் துடிச்சுப் போயிட்டாங்க பாருங்க.

எல்லாத்தையும் என் கட்டில் மேல பரப்பினேங்க. என்னத்தைச் சொல்ல. ஒவ்வொண்ணையும் தொட்டா, எந்த மழைக்குப் போட்டது, அப்போ வீட்டுல என்ன குழம்பு கொதிச்சுது, எல்லாம் ஞாபகம் வருது. பச்சையில வெள்ளை மான் போட்டது, என் பையனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து போட்டது. அவ்வளவும் புத்தம்புதுசா இருக்கு. ஒரு நூல் பிரியலை. கைமடிப்புல ஒரு கறை இல்லை. பூச்சி உருண்டை வாசம் கும்முனு வருது. சிவப்புத் தையல்கூட அப்படியே இருக்கு. அந்த மாப்பிள்ளையோட மெரூன்ல மட்டும்தான் நூல் அறுந்திருந்துச்சு. நான் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாருங்க, நம்ம சொந்தக்காரங்க ஒரு வாட்ச்சைக் குடுத்தா மறுவாரமே தொலைச்சுடுவாங்க, என் ஸ்வெட்டரை எப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்காங்கன்னு. அவரு மறுபடி இருமினாரு. குளிர்ல அவருக்கு அப்பப்போ அப்படி வரும்.

கொஞ்ச நாள் அப்படியே வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். சுகந்தி வந்து, அத்தை, இதை வச்சு உங்களுக்கு ஒண்ணு செய்யப்போறேன்னா. செய்யும்மான்னேன். அலமாரி கிலமாரி செய்யப்போறா, கண்ணாடி போட்டு உள்ள அடுக்குவான்னு நினைச்சேன். நினைப்புதான் பொழப்பைக் கெடுக்கும்பாங்க.

மேட்டுப்பாளையத்துல ஒரு கிரகப்பிரவேசம். போயிட்டு ராத்தங்கித் திரும்பி வர்றேன், வீடு பூரா ஆவி. அடுப்புல பெரிய குண்டான். எங்க வீட்டுக்காரர் ஹால்ல பேப்பர் படிக்கிறாரு. என்னங்க வேகுதுன்னா, எனக்குத் தெரியாதும்மா, பீட்ரூட் போலிருக்குன்னாரு. எட்டிப் பாத்தா மெரூன் ஸ்வெட்டர். தண்ணியெல்லாம் சிவப்பு. இவ கரண்டிக்காம்பால கிண்டிக்கிட்டு நிக்கிறா.

கம்பளியை வெந்நீர்ல போடுறவங்களை நீங்க பாத்திருக்கீங்களா? பச்சைப்புள்ளையைத் தண்ணில போடுற மாதிரிப் பதமாப் போடணுங்க அதை. அலசிப் பிழியக்கூடாது, தட்டையாப் போட்டு நிழல்ல காயவைக்கணும். ஏண்டி இப்படின்னு கேட்டா, நிதானமாச் சொல்றா. அப்படியே வெட்டினா கண்ணி எல்லாம் ஓடிப்போகும் அத்தை, கொதிக்கவச்சாக் கம்பளி சுருங்கி ஒண்ணோடொண்ணு பிடிச்சுக்கும், அப்புறம் கத்திரி வச்சாலும் பிரியாது. பாடம் எடுக்குறா எனக்கு. கலப்பு நூல்ல போட்டதெல்லாம் எவ்வளவு கொதிச்சாலும் மசியலை. அதுக்கு மிஷின்ல ஓரம் அடிச்சு வெட்டியிருக்கா. வெள்ளை மான் இருக்கே, அதுல மானை மட்டும் தனியா வெட்டி எடுத்திருக்கா. கொம்பு, கால் எல்லாம் சேதாரமில்லாம. மிச்சம் கீழ கிடக்கு.

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு ஒரு பேச்சு உண்டுல்ல? அன்னைக்குத்தான் அதை நேர்ல பாத்தேன்.

நான் கத்தினேனா, ஊரைக் கூட்டினேனா? இல்லைங்க. என் குணம் அது இல்லை. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். இன்னொருத்தி செஞ்சிருந்தா, சரி போகட்டும், வேற போட்டுக்குவோம்னு இருந்திருப்பேன். நான் எங்க போய்ப் போட? அதை யோசிச்சாளா அவ? வெட்டினது வெட்டினதுதானே. என் பையன் வந்து கதவைத் தட்டி, அம்மா, அவ நல்லதுக்குத்தான் செஞ்சான்னான். நீ இதுல வராதடான்னேன். வரலை. அவனை அந்த விஷயத்துல நல்லா வளத்திருக்கேன்.

போர்வை முடிஞ்சுது. என் கட்டில் மேல விரிச்சு வச்சா. பொய் சொல்லக்கூடாது, கையில மெழுகு இருக்கு. நல்லாத்தான் இருந்துச்சு. மானு நடுவுல, அதைச் சுத்தி மெரூன், அப்புறம் நீலம், உப்பளத்துக்காரரோட சாம்பல் கலரு. பின்னாடி பருத்தித் துணி குடுத்து மெத்துனு. எங்க வீட்டுக்காரர் உடனே காலை நீட்டிட்டாரு உள்ள. மானங்கெட்ட மனுஷன். நான் ஓரம் ஓரமாப் பாத்துக்கிட்டே வந்தேன். எல்லார் ஸ்வெட்டரும் இருக்கு. ஒண்ணு மட்டும் இல்லை. இவளோடது.

கதையே இங்கதாங்க. அவ கல்யாணமாகி வந்த புதுசுல நடுங்கிக்கிட்டிருந்தா. அப்போ நான் ஒரு ஸ்வெட்டர் குடுத்தேன். தம்பிக்குன்னு போட்டது அது. மிச்சம் கிடந்த நூல்ல, காப்பிக்கொட்டைக் கலர்ல போட்டது. யானைக்கும் அடி சறுக்கும், ஒரு கை நீளமாப் போயிருச்சு. அதை எப்படி ஊருக்கு அனுப்புறது? மானம் போயிடும். சரி, வீட்டுக்குள்ளதானே இருக்கப்போறான்னு இவகிட்டக் குடுத்தேன். வீட்டுக்குள்ள போட்டுக்கோன்னு சொல்லித்தான் குடுத்தேன். அவ அதை மார்க்கெட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போறா. ஸ்கூல் மீட்டிங்குக்குப் போட்டுக்கிட்டுப் போறா. விறகு அடுக்கறப்போ, துணி துவைக்கறப்போ, காய்ச்சல்ல படுத்தப்போகூடக் கழட்டலை. முழங்கை தேஞ்சு ஓட்டை விழுந்து, அவளே வேற நூல்ல அடைச்சிருக்கா, கண்றாவி. நீளமான கையை மடிச்சு மடிச்சு, மடிப்பு வெளுத்துப் போச்சு. நான் எவ்வளவோ அழகழகாப் போட்டிருக்கேன், ஊருக்கு என் பேரைச் சொல்றது இந்த ஒண்ணுதான். மாமியாருக்கு இதுதான் வரும் போலன்னு நினைக்க மாட்டாங்க?

அதனால நியாயமா ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாரோடதையும் வெட்டினியே, உன்னோடதையும் வெட்டு. வெட்டிச் சேத்தாத்தான் இந்தப் போர்வையை நான் போத்துவேன்னேன். நியாயந்தானே? ஊருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?

முடியாது அத்தைன்னுட்டாங்க. வந்த நாள்ல இருந்து என்னை எதுத்து ஒரு சொல்லு சொன்னதில்லை. புளி அதிகம்னா குறைச்சுடுவா, டிவியை மாத்துன்னா மாத்திடுவா. இதுக்கு மட்டும் நேரா மூஞ்சியைப் பாத்து, முடியாது அத்தை, இது நான் போட்டுக்கிறதுன்னா.

நான் போட்டுக்கிறதாம். அப்போ மத்தவங்க எல்லாம் என்ன, சட்டையில்லாமலா சுத்தினாங்க?

அதோட போர்வையை மடிச்சு பீரோ மேல வச்சுட்டேன். பழைய கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுக்குறேன். அது அரிக்குது, ஒரு பக்கம் போத்தினா ஒரு பக்கம் குளிருது. பரவாயில்லை. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல.

ஏங்க, ஏன் மூஞ்சியைச் சுளிக்கறீங்க? வலிக்குதா? ஒத்தடம் ஆறிப்போச்சா?

இல்ல. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது. மூஞ்சில எழுதியிருக்கு. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் இருமிக்கிட்டிருக்காரு. எனக்கென்ன கண்ணா இல்ல? சிவப்புத் தையல் அப்படியே இருந்துச்சுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அதைப் போட்டவளே நாந்தானே. பத்திரமா வச்சிருந்தாங்கன்னு சொல்றேன். வேற எப்படிச் சொல்லணும்? இத்தனை வருஷம் கண்ணி கண்ணியாப் போட்டேங்க. வேற என்னன்னு சொல்லிக்கிட்டு நான் ராத்திரி தூங்குறது?

விடுங்க. எனக்கு மெழுகு போட்டுவிட்ட பொண்ணு வர்றா, அதை உரிக்க. மெதுவாம்மா. பாருங்க, உறை மாதிரி முழுசா வருது. உள்ள கை வெதுவெதுன்னு இருக்கு. இந்தக் கொஞ்ச நேரம்தாங்க, விரல் நான் சொன்ன பேச்சு கேக்கும். அப்புறம் அதுபாட்டுக்குப் போயிடும்.

இதோ நம்ம ஆளும் வந்துட்டா. பாத்தீங்களா, ஆஸ்பத்திரிக்கும் அதே காப்பிக்கொட்டை. மாத்திரை எல்லாம் குடுத்தாங்களாம்மா? சரி, அதைப் பையில வை. நில்லு. நில்லு நில்லு, அசையாத. ஸ்வெட்டர் கையில என்ன தொங்குது? கவுண்டர்ல ஆணி கீணி மாட்டுச்சா? ஐயையோ, நூலை இழுக்காத, இழுத்தா ஓடிடும். பாருங்க, மூணு வரிசை இறங்கிருச்சு. கிட்ட வா. இன்னும் கிட்ட. கூச்சப்படாத, இவங்க நமக்கு வேண்டியவங்கதான்.

என் தாலிச் செயின்ல ஊக்கு இருக்கும், எடு. திறந்து குடு. ம். இப்படி வெளிச்சத்துக்கு நீட்டு. ஒவ்வொரு கண்ணியா மேல ஏத்திக் கொண்டுவரணும். அவசரப்பட்டா முறுக்கிக்கும். ஏன்டி, இப்படியா பாத்து நடக்காம வருவே? இது ஒண்ணுதானே இருக்கு. இது பிரிஞ்சு போச்சுன்னா இன்னொண்ணு என்னால போட முடியாது, தெரியுமா உனக்கு?

என்ன? சத்தமாச் சொல்லு.

கேட்டீங்களாங்க? தெரியுமாம். தெரிஞ்சதாலதான் இதுல கத்திரி வைக்கலையாம்.

பேச்சைப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு தயாரா வச்சிருக்கா. ஆட்டாத கையை. போனதும் பீரோ மேல இருக்கிற அந்தப் போர்வையை எடுத்து என் கட்டில்ல போடு. சமாதானம்னு எல்லாம் நினைச்சுக்காத. அந்தப் பழைய கம்பளி அரிக்குது, அதுக்காக. உங்க மாமாகிட்டயும் சொல்லு, அவரு இருமிக்கிட்டே இருக்க வேண்டாம்.

சரி, இங்க ஊக்கைப் போட்டு நிறுத்தியிருக்கேன். இனிமே ஓடாது. அழாத, இங்க நாலு பேர் வர்ற இடம். அந்தப் பக்கம் திரும்பு, முழங்கையில நீ அடைச்சிருக்கியே ஒரு லட்சணம், அதைக் காட்டு. கையில சூடு இருக்கிறப்பவே அதையும் பாத்துடறேன்.